கிளச் மாற்றிய பின் லைட் ஏன் மங்கியது?

கிளச் பிளேட் மாற்றக் கொடுத்த வாகனம், மூன்றாம் நாள் லைட் வருத்தத்தோடு வீட்டு வாசலில் நின்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் நினைத்தது நல்ல நினைப்பல்ல. அதனால் ஏற்பட்ட பண நட்டம் ஒரு புறமிருக்க, பத்தொன்பது வருடமாக எனது வாகனங்களைப் பார்த்து வந்த ஒரு தொழிலாளியின் பெயரையும் கெடுக்கப் பார்த்தேன். பழைய வாகனம் வைத்து வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்குப் பிரயோசனப்படலாம் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1997 ஆம் ஆண்டின் டொயோட்டா கொரொல்லா டீஎக்ஸ் வேகன். டீசல் எஞ்சின், கையால் கியர் போடுவது. பின் சீட்டை மடித்து விட்டால் துணிக் கட்டுகள் தாராளமாக ஏறும். மாவனல்லையிலிருந்து புறக்கோட்டைக்குப் போய், இரண்டாம் குறுக்குத் தெருவிலும் பிரதான வீதியிலும் சரக்கெடுத்து, அன்றிரவே கடையில் கொண்டு வந்து இறக்குவதற்கு இதைவிட வசதியான வாகனம் எனக்குக் கிடைக்கவில்லை. "இன்னும் இந்தப் பழசையா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றுவதற்கு வழியிருந்தால்தானே? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் நாட்டில் இருந்த வாகனங்களே கை மாறிக் கொண்டிருந்தன. விலையும் ஏறிக் கொண்டே போனது. கதவு திறந்த பிறகு வரியையும் சேர்த்து விலை கேட்டுப் பார்த்தேன். பழையதைத் துடைத்து வைத்துக் கொள்வதே மேல் என்று பேசாமல் வீடு வந்து சேர்ந்தேன். எம்மில் பலரது நிலை இதுதான். இருபத்தைந்து, முப்பது வருடப் பழைய வயர்களோடுதான் இன்னும் சில காலம் எமது வியாபாரம் ஓட வேண்டியிருக்கிறது.

சம்பவம் நடந்தது 2023 ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில். துணி வியாபாரிக்கு வருடத்தின் பாதி உழைப்பு அந்த நாட்களில்தான் இருக்கிறது. டீசலும் கியூஆர் கோட்டாவில் கிடைத்த காலம். கொழும்புக்கு ஒரு பயணம் போவதென்றாலே லீற்றர் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து கிளச் வழுக்கத் தொடங்கியது. கண்டிக்குப் போன ஒரு நாள், கடுகண்ணாவ ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, வாகனம் நகர மாட்டேன் என்கிறது. வழமையான கராஜில் கொடுத்தேன். கியர்பொக்ஸை இறக்கி, பிளேட்டையும் பெயாரிங்கையும் மாற்றி, இரண்டு நாளில் வேலையை முடித்துத் தந்தார்கள். கிளச் பட்டுப் போல இருந்தது. கூலியிலும் ஆயிரம் ரூபா குறைத்துக் கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றியது. குளிர் என்று விட்டுவிட்டேன். அன்று மாலை ஹெட்லைட்டைப் போட்டால் எண்ணெய் விளக்குப் போல மஞ்சளாக எரிந்தது. சிக்னல் போட்டால் டெஷ்போர்ட் விளக்குகளும் சேர்ந்து கண் சிமிட்டின. வாகனத்தை ஓட்டுவது என் சகோதரியின் மகன். அவன் இன்னொன்றையும் கவனித்திருந்தான். "மாமா, லைட்டப் போட்டா எஞ்சின் சூடாகுது. அணைச்சா இறங்குது" என்றான். வெப்பம் காட்டும் முள்ளைத்தான் சொல்கிறான். நான் அவனை ஏசினேன். லைட்டுக்கும் எஞ்சின் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்? முழுக் கதைக்குமான விடையை அவன் முதல் நாளே என் கையில் தந்துவிட்டான் என்பது பின்னர்தான் விளங்கியது.

கராஜுக்குப் போனேன். "நானா, நான் கிளச்சத்தானே செஞ்சேன். லைட்டுக்கு நான் கையே வைக்கல்ல. வயரிங் பாஸ் ஒருத்தருக்குக் காட்டுங்க" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. லைட்டில் அவர் கை வைக்கவில்லைதான். ஆனால் கியர்பொக்ஸை இறக்குவதற்கு முன்னர் எதையெல்லாம் கழற்றினோம் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நகரத்தில் வயரிங் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் வந்தார். எஞ்சினை ஓட விட்டு, லைட்டைப் போட்டு, பட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றினார். லைட் இன்னும் மங்கியது. "ஒல்டர்நேட்டர் போயிட்டு" என்று தீர்ப்புச் சொன்னார். இந்தச் சோதனையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எமது ஊர்களில் பரம்பரை பரம்பரையாக வருவது. அந்தக் காலத்து வாகனங்களில் இது நடந்து போயிற்று. இப்போதுள்ள ஒல்டர்நேட்டர்களில், எஞ்சின் ஓடும் போது பட்டரியைக் கழற்றினால் மின் அழுத்தம் ஒரு கணத்தில் பல மடங்கு பாயும். ஒல்டர்நேட்டருக்குள் இருக்கும் டயோட்டும், கம்பியூட்டர் பெட்டி உள்ள வாகனமாக இருந்தால் அந்தப் பெட்டியும் போகக் கூடும். நல்லதாக இருந்ததைக் கெடுத்துவிட்டு, கெட்டுப் போய்விட்டது என்று கண்டுபிடிக்கும் சோதனை இது. உங்கள் வாகனத்தில் யாராவது செய்ய வந்தால் கையைப் பிடித்துக் கொள்ளுங்கள்.

நான் பிடிக்கவில்லை. மறுநாள் கொழும்பு போன கையோடு பஞ்சிகாவத்தைக்குச் சென்று, பழையதைக் கொடுத்து 32,000 ரூபாவுக்கு ரிக்கண்டிஷன் ஒல்டர்நேட்டர் ஒன்று வாங்கிப் பூட்டினேன். ஒரு நாள் ஓடியது. மறுநாள் அதே வருத்தம். "அப்போ பட்டரிதான்" என்றார் இளைஞர். 41,000 ரூபாவுக்குப் புதுப் பட்டரி. அது மூன்று நாள் பேசாமல் இருந்தது. கடையிலிருந்து நன்றாகச் சார்ஜ் ஆகி வந்த பட்டரி, தன் கையிலிருந்ததைச் செலவழித்து எங்களை ஏமாற்றியிருக்கிறது. கையிருப்பு முடிந்ததும் அதுவும் படுத்துக் கொண்டது.

இந்த இடத்தில்தான் என் புத்தி கோணியது. கராஜுக்குக் கொடுக்கும் வரை வாகனத்தில் ஒரு குறையும் இல்லை. வந்த பிறகு ஒல்டர்நேட்டரும் போகிறது, பட்டரியும் போகிறது. அப்படியானால்? எனது நல்ல சாமான்களைக் கழற்றிக் கொண்டு கழிவுச் சாமானைப் பூட்டிவிட்டார் என்று மனம் சொல்லிற்று. மனதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் தராவீஹ் முடிந்து கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மூன்று பேரிடம் சொல்லியும் விட்டேன். சந்தையில் ஒருவரைப் பற்றி மூன்று பேரிடம் சொன்னால் அது எத்தனை பேரிடம் போகும் என்பது வியாபாரிகளாகிய உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வாரமே இரண்டு பேர் தமது வேன்களை வேறு கராஜுக்குக் கொண்டு போனார்கள்.

பெருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும் போது கடைசிச் சரக்குக்காகக் கொழும்பு போனோம். திரும்பும் போது நிட்டம்புவயைத் தாண்டியதும் மழை. ஹெட்லைட், வைப்பர், கண்ணாடிக்குக் காற்றடிக்கும் புளோவர், மூன்றும் ஓடின. வைப்பர் மெதுமெதுவாகப் போய் வந்தது. நோன்பு திறப்பதற்காக வரக்காபொலையில் நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தோம். திறந்து விட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும். மறுபடியும் டக். ஏழெட்டுத் தடவை முயன்றிருப்போம். பிளாஸ்டிக் கருகும் மணம் வரத் தொடங்கியதும் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பின்னால் இருப்பது நான்கு இலட்சம் ரூபா பெறுமதியான துணி. பாதி கடனுக்கு எடுத்தது.

பாதையோரத்தில் லொறிகளுக்கு வயரிங் வேலை செய்யும் ஒரு முதியவர் இருப்பதாகச் சொன்னார்கள். சிங்களவர், அறுபதுக்கு மேல் இருக்கும். குடையோடும் ஒரு சிறிய மீற்றரோடும் வந்தார். பொனட்டைத் திறக்க முன்னர் அவர் கேட்ட முதற் கேள்வி: கடைசியாக இந்த வாகனத்துக்குச் செய்த வேலை என்ன? ஒல்டர்நேட்டர், பட்டரி என்றேன். அது வருத்தம் வந்த பிறகு செய்தது, வருத்தம் வருவதற்கு முன்னர் செய்தது என்ன என்றார். கிளச் என்றேன். தலையை ஆட்டிக் கொண்டார். அதன் பின்னர் பொனட்டைத் திறந்து அக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. அதன் மேல் உறை ஓரிடத்தில் இளகியிருந்தது. மணம் வந்தது அங்கிருந்துதான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஆனாலும் அளந்து காட்டினார்.

முதலில் மீற்றரின் இரண்டு முனைகளையும் பட்டரியின் இரண்டு தலைகளில் வைத்தார். 12.3 வோல்ட். முழுச் சார்ஜில் இருக்கும் பட்டரி 12.6 காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். ஆகவே களைத்த பட்டரி, ஆனால் செத்த பட்டரியல்ல. அப்படியே வைத்துக் கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். டக். மீற்றர் 11.8க்குத்தான் இறங்கியது. பட்டரி கெட்டிருந்தால் சாவியைத் திருப்பும் போது ஒன்பதுக்கும் கீழே விழுந்திருக்கும். இது விழவில்லை. அதாவது பட்டரியிடம் கொடுக்க இருக்கிறது. யாரும் வாங்கிக் கொண்டு போகவில்லை. எங்கோ பாதை அடைபட்டிருக்கிறது.

அடுத்து மீற்றரின் கறுப்பு முனையைப் பட்டரியின் நெகட்டிவ் தலையிலும், சிவப்பு முனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்து மீண்டும் சாவியைத் திருப்பச் சொன்னார். பட்டரியின் நெகட்டிவும் எஞ்சினும் தடித்த கம்பியால் இணைந்திருப்பவை. இரண்டுக்கும் இடையில் அரை வோல்டுக்கு மேல் காட்டக் கூடாது. எனது வாகனத்தில் ஐந்து வோல்டுக்கு மேல் காட்டியது. முதியவர் மீற்றரை என் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

பிறகு லொறிக்காரர்கள் பட்டரிக்குப் பட்டரி கொடுக்கும் ஜம்ப் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பட்டரியின் நெகட்டிவ் தலையிலும் மறு முனையை எஞ்சினைத் தூக்குவதற்காக இருக்கும் இரும்புக் காதிலும் கவ்விவிட்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்று மருமகனுக்குச் சைகை காட்டினார். ஒரே சுற்று. எஞ்சின் ஓடியது. ஹெட்லைட் எதிரே இருந்த மதிலில் வெள்ளையாக விழுந்தது.

காரணம் கியர்பொக்ஸின் மேலே இருந்தது. பட்டரியின் நெகட்டிவ் தலையிலிருந்து இரண்டு கம்பிகள் போகின்றன. மெல்லியது வாகனத்தின் பொடிக்கு, தடித்தது கியர்பொக்ஸுக்கு. கியர்பொக்ஸை இறக்குவதற்கு அந்தத் தடித்த கம்பியைக் கழற்றியே ஆக வேண்டும். திரும்பப் பூட்டிய கை, போல்ட்டை விரலால் திருகிவிட்டு, ஸ்பெனரால் இறுக்க மறந்து போயிருக்கிறது. கீழே கிரீஸும் அழுக்கும். முதல் இரண்டு நாள் தொட்டுக் கொண்டிருந்தது. குலுக்கத்தில் தளர்ந்து, தளர்ந்த இடத்தில் பொறி பறந்து, கம்பியின் கண் கறுத்துப் போயிருந்தது. அதைக் கழற்றி, எமரித் தாளால் இரண்டு பக்கமும் வெள்ளை தெரியத் தேய்த்து, இறுக்கினார். ஐந்து நிமிட வேலை.

இந்த எர்த் என்பதை எமது பாஷையில் சொல்வதானால், கடனுக்குக் கொடுத்த சரக்கின் காசு திரும்பி வரும் பாதை. பட்டரியிலிருந்து சிவப்புக் கம்பி வழியாகப் போகிற மின்சாரம் அத்தனையும் இரும்பு வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும். வருகிற பாதை அடைபட்டால் போகிற பாதை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. பெரிய பாதை மூடியிருந்தால் அது சும்மா நிற்காது. சந்து பொந்தெல்லாம் தேடும். எனது வாகனத்தில் அது தேடிக் கொண்ட சந்து அக்சிலரேட்டர் கேபிள். ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் நூறு அம்பியருக்கு மேல். அதில் ஒரு பங்கு அந்த மெல்லிய கேபிளில் போனால் அது கொதிக்காமல் என்ன செய்யும்? இன்னும் பத்துத் தடவை சாவியைத் திருப்பியிருந்தால் துணிக் கட்டுகளோடு வாகனமும் போயிருக்கலாம்.

மருமகன் சொன்ன முள்ளின் கதைக்கும் அப்போதுதான் விடை கிடைத்தது. வெப்பம் காட்டும் முள்ளுக்கான சிறு கருவி எஞ்சினில் பூட்டப்பட்டு, எஞ்சினின் இரும்பையே எர்த்தாகக் கொள்கிறது. முள்ளோ பொடியின் பக்கம் இருக்கிறது. எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையிலான இணைப்பு நன்றாக இல்லாத போது, லைட்டைப் போட்டால் இரண்டுக்கும் இடையில் ஒன்று, ஒன்றரை வோல்ட் வித்தியாசம் விழும். முள் அதையும் சேர்த்துச் சூடு என்று காட்டுகிறது. எஞ்சின் சூடாகவேயில்லை. இதே அறிகுறிக்கு தெர்மோஸ்டெட் மாற்றியவர்களையும், ஹெட் கெஸ்கெட் வரை போனவர்களையும் பின்னர் சந்தித்தேன். ஒரு சுவிச்சைப் போட்டால் சம்பந்தமேயில்லாத இன்னொன்று ஆடுகிறதா, முதலில் எர்த்தைப் பாருங்கள். பிரேக் மிதித்தால் பின் சிக்னலும் மங்கலாக எரிவது இதே வருத்தத்தின் இன்னொரு முகம். டிங்கரிங், பெயின்டிங் செய்து வந்த வாகனங்களில் இது அதிகம். எர்த் போல்ட்டுக்குக் கீழேயும் அழகாகப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். பெயின்டில் மின்சாரம் போகாது.

அந்த முதியவர் கேட்ட கேள்வியைத்தான் நான் இப்போது எல்லாரிடமும் கேட்கிறேன். வேலை செய்து வந்த பின்னர் திடீரென்று வருகிற மின் கோளாறில், அந்த வேலைக்காகக் கை போன இடங்களை முதலில் பார்க்க வேண்டும். கிளச், கியர்பொக்ஸ் என்றால் எர்த் கம்பி, ஸ்டார்ட்டரின் கம்பி, ரிவர்ஸ் லைட்டின் சொக்கட். ரேடியேட்டர் என்றால் விசிறியின் சொக்கட். டெஷ்போர்டைக் கழற்றியிருந்தால் அதன் பின்னால் நசிந்து போன வயர். பெல்ட் மாற்றியிருந்தால் ஒல்டர்நேட்டரின் பின்னால் இருக்கும் சொக்கட். சாவியைத் திறந்தவுடன் பட்டரிச் சின்னம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். எரியாமலே இருந்தால் பல்ப்போ, அந்தச் சொக்கட்டுக்குப் போகும் வயரோ போயிருக்கிறது. சேர்விஸில் எஞ்சினைத் தண்ணீர் பீச்சிக் கழுவிய பின்னர் வரும் கோளாறுகள் தனி இரகம். சொக்கட்டுகளுக்குள் தண்ணீர் தங்கும். பெற்றோல் வாகனமாக இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் போனால் எஞ்சின் இருமிக் கொண்டு நின்றுவிடும். சாமான் வாங்க ஓடுவதற்கு முன்னர் காய விட்டுப் பார்ப்பது நல்லது. வியாபார வாகனத்துக்கு எஞ்சின் பளபளப்பு எதற்கு என்பது என் அபிப்பிராயம்.

இரவில் நிறுத்தி வைத்தால் காலையில் பட்டரி இறங்கிப் போகிறது என்றால் அது வேறு கதை. எமது பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வேனில், புது ரேடியோ பூட்டியதிலிருந்து இந்தத் தொல்லை. இரண்டு இரவு நின்றால் ஸ்டார்ட் ஆகாது. நானே என் மீற்றரோடு போனேன். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, பட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் தலைக்கும் இடையில் மீற்றரை அம்பியரில் வைத்துப் பார்க்க வேண்டும். 0.05 அம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. அவருடையது 0.8 காட்டியது. ஒரு நாளைக்குப் பத்தொன்பது அம்பியர் மணித்தியாலம் ஒழுகுகிறது. சிறிய பட்டரி எத்தனை நாளைக்குத் தாங்கும்? பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொண்டு போனோம். ரேடியோவின் பியூஸைக் கழற்றியதும் மீற்றர் கீழே விழுந்தது. பூட்டியவர் வயரை மாற்றி இணைத்திருந்தார். ரேடியோ அணைந்தது போல இருந்தாலும் உள்ளே விழித்துக் கொண்டே இருந்தது. ஒரு எச்சரிக்கை: மீற்றர் அப்படி இருக்கும் போது மறந்தும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. பத்து அம்பியர் தாங்கும் மீற்றர் அத்தோடு முடிந்தது.

பியூஸ் பற்றியும் ஒரு வார்த்தை. நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 அம்பியர். 15 போட வேண்டிய இடத்தில் அடிக்கடி எரிகிறதே என்று 30ஐப் போடுபவர்களும், சிகரட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றுபவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். பியூஸ் எரியாது. வயர் எரியும்.

மீற்றர் ஒன்று வாங்கிக் கொள்ளுங்கள். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு நல்ல சேர்ட்டின் விலைக்குக் கிடைக்கிறது. எஞ்சின் ஓடும் போது பட்டரித் தலைகளில் 13.8க்கும் 14.5க்கும் இடையில் காட்டினால் ஒல்டர்நேட்டரைக் குறை சொல்லாதீர்கள். குறைவாகக் காட்டினாலும் உடனே குறை சொல்லாதீர்கள். ஒல்டர்நேட்டரின் உடம்பிலும் அதன் பின் தலையிலும் வைத்து அளந்து பாருங்கள். அங்கே 14.4, பட்டரியில் 13 என்றால் உற்பத்தி நடக்கிறது, இடையில் பாதைதான் கோளாறு. இந்த ஒரு அளவை அந்த இளைஞர் எடுத்திருந்தால் எனது 73,000 ரூபா மிச்சமாகியிருக்கும்.

வரக்காபொலை முதியவர் கேட்டது 1,500 ரூபா. நான் கூடக் கொடுத்தேன். மிச்சத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

பணம் போனது போகட்டும். மறுநாள் கராஜுக்குப் போக வேண்டியிருந்தது. போல்ட்டைக் காட்டிச் சண்டை பிடிப்பதற்கு என்னிடம் நியாயம் இருந்தது. ஆனால் வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் வாகனத்துக்குக் கீழே போய் டோர்ச் அடித்துப் பார்த்தார். வேலைக்கு நிற்கும் பையனைக் கூப்பிட்டார், பிறகு என்ன நினைத்தாரோ, ஒன்றும் கேட்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். "நானா, போல்ட் என்ட பிழ. கடைசியா நான் கை வச்சிப் பாத்திருக்கணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மத்தது?" என்றார். என் பேச்சு அவர் காதுக்கு எப்போதோ போய்விட்டிருக்கிறது. போயும், என்னைக் கண்ட இடத்தில் ஸலாம் சொல்லிக் கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அன்றிரவு தராவீஹ் முடிந்த பின்னர் அதே திண்ணைக்கு அவரையும் அழைத்துச் சென்று, அந்த மூன்று பேருக்கும் முன்னால் நான் சொன்னது தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வேனைக் கொண்டு போன இருவரின் வீட்டுக்கும் தனித்தனியாகப் போனேன். ஒருவர் திரும்பி வந்தார். மற்றவர் இன்னும் வரவில்லை. ஒல்டர்நேட்டருக்கும் பட்டரிக்கும் பங்கு தருகிறேன் என்று கராஜ்காரர் சொன்னார், நான் வாங்கவில்லை. அவரும் விடவில்லை. அக்சிலரேட்டர் கேபிளைப் புதிதாக மாற்றி, அதற்குக் கூலி எடுக்க மறுத்துவிட்டார். பழைய ஒல்டர்நேட்டரை மீட்கலாமா என்று பஞ்சிகாவத்தைக்கு ஒரு தொலைபேசி எடுத்துப் பார்த்தேன். இரண்டு நாளிலேயே விற்றுப் போயிற்றாம். "நல்ல சாமான் ஹாஜியார், ஒண்டுமே செய்ய இருக்கல்ல, தொடச்சித்தான் வித்தோம்" என்றார் கடைக்காரர்.

இப்போது அந்தக் கராஜில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. எதற்காக எதைக் கழற்றினோம் என்று பையன் அதில் எழுதி வைக்கிறான். போன மாதம் எனது வேகனுக்கு இஞ்செக்டர் வேலை செய்தார்கள். பொனட்டை மூட முன்னர் அவன் என்னைக் கூப்பிட்டு, கொப்பியில் ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்துக் காட்டினான். கடைசி வரியில் எர்த் போல்ட். அதை அன்று கழற்றவேயில்லை. ஆனாலும் ஸ்பெனரை வைத்து ஒரு தடவை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் மூடினான்.